தலை காக்கும் எஃகு வளைவு

பழைய பந்தயக் கார்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரையில்லாத அந்தக் கார்களில், ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு குழாய் வளைவு எழுந்து நிற்கும். ‘ப’ என்னும் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாற்போல் அது தோன்றும். அது அழகுக்காக வைத்ததன்று. பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் அன்று. கார் கவிழ்ந்துவிட்டால், அதன் முழுப் பாரத்தையும் தான் ஏற்று, ஓட்டுநரின் தலை தரையில் மோதாமல் காப்பதே அதன் பணி. இதனை ‘ரோல் பார்’ என்பர். நாம் கவிழ்காப்பு வளைவு எனலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காரின் சக்கரங்களுக்கு அருகே ‘ஆன்ட்டி ரோல் பார்’ என்ற வேறோர் உறுப்பு உண்டு. வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைப்பது அதன் வேலை. நாம் பேசப்போகும் வளைவோ, கார் கவிழ்வதைத் தடுப்பதில்லை. கவிழ்ந்த பிறகுதான் அதற்கு வேலையே தொடங்குகிறது!

பெரிய தொழிற்சாலையில் உருவாகும் காருக்குப் பொறியாளர்கள் உண்டு, சோதனைக்கூடங்கள் உண்டு. ஆனால், வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே கார் கட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவரே பொறியாளர், அவரே கொல்லர், அவரே சோதனையாளர், சோதனைக்கு உள்ளாகும் பொருளும் அவரே! அவர் கட்டும் காரில் இந்த ஒரு வளைவு உறுதியாக இருக்கிறதா, இல்லையா என்பது அவருடைய உயிர்ப் பிரச்சினை. அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. அந்த நான்கையும் மோட்டார் உலகம் ஒவ்வொன்றாகவே கற்றது. பல விபத்துகளைக் கண்டே கற்றது.

வீட்டில் பிறந்த கார்கள்

பிரிட்டனில் 1922 முதல் 1939 வரை ஆஸ்டின் 7 என்னும் சிறு கார் உற்பத்தி செய்யப்பட்டது. விலை மலிவான, எளிய அமைப்புள்ள கார் அது. பழையதாகிப்போன ஆஸ்டின் 7 கார்களை வாங்கி, உடற்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சின், அச்சு, சக்கரங்கள் ஆகியவற்றைக் கொண்டு தமக்குப் பிடித்த பந்தயக் காரைக் கட்டும் வழக்கம் இளைஞர்களிடையே பரவிற்று. இத்தகைய ஆர்வலர்களுக்காக 1939-இல் தொடங்கப்பட்டதே ‘750 மோட்டார் கிளப்’. காலின் சாப்மன் என்ற இளம் பொறியாளரும் ஆஸ்டின் 7 ஒன்றை மாற்றிக் கட்டியே இத்துறையில் கால் வைத்தார். பின்னர் அவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம், 1957-இல் ‘லோட்டஸ் செவன்’ என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதனை உதிரி உறுப்புகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு அன்று பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கினால் அந்த வரி இல்லை. பணத்தை மிச்சப்படுத்த விரும்பிய பலர் திருப்புளியைக் கையில் எடுத்தனர்.

1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுன் செலவில் ஒருவர் தாமே காரைக் கட்டிக்கொள்ளும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். லோட்டஸ் செவனின் சாயலில், ஓர் அங்குலச் சதுரக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்யும் அடிச்சட்டம், பழைய ஃபோர்டு கார் ஒன்றின் உறுப்புகள், இவ்வளவே தேவை. ‘லோகாஸ்ட்’ என்று பெயர் பெற்ற இவ்வகைக் கார்களைப் பல நாடுகளில் கட்டினர்.

இந்தக் கார்களுக்கெல்லாம் ஒரு பொதுத் தன்மை உண்டு. எடை குறைவு; உயரமும் குறைவு. காரிலேயே மிக உயரமான பகுதி ஓட்டுநரின் தலைதான் என்று சொல்லும்படி இருக்கும்! கார் புரண்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. முதற் கேள்வி இங்கேயே பிறந்துவிடுகிறது.

முதற் கேள்வி: தலைக்கு மேல் என்ன இருக்கிறது?

1916 ஏப்ரலில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள கொரோனா நகரில் நடந்த பந்தயத்தில் பாப் பர்மன் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் உயிரிழந்தார். அவர் ஓட்டியது திறந்த கார். அவருடைய நண்பர் பார்னி ஓல்டுஃபீல்டும் ஓட்டுநரே. ஓட்டுநரை மூடிக் காக்கும் கார் ஒன்று வேண்டுமென்று அவர் முனைந்தார். ஹாரி மில்லர் என்ற வடிவமைப்பாளர் தம் உதவியாளர் ஃப்ரெட் ஆஃபன்ஹவுசருடன் சேர்ந்து 1917-இல் அந்தக் காரைக் கட்டினார். முட்டை வடிவில் அலுமினிய உடல். அதன்மேல் பொன்னிறப் பூச்சு. உள்ளே கவிழ்ந்தால் தாங்குவதற்கான எஃகுச் சட்டம். ‘பொன் நீர்மூழ்கி’ என்று அதற்குப் பெயர். பந்தயக் காரினுள் இத்தகைய காப்புச் சட்டம் வைத்ததற்கு முன்னோடியாக இதையே குறிப்பிடுவர்.

ஆனால், முன்னோடியைப் பின்பற்ற ஆளில்லை. அந்தக் காரின் மூடிய மேற்பகுதியும் பின்னர் நீக்கப்பட்டது. திறந்த கார்களே நாற்பது ஆண்டுகள் பந்தயக் களங்களை ஆண்டன. 1958 மே 30 அன்று இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் முதற் சுற்றிலேயே பல கார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பாட் ஓ’கானரின் கார் கவிழ்ந்து தீப்பற்ற, அவர் மாண்டார். மறு ஆண்டு, 1959-இல், அங்கு ஓடும் ஒவ்வொரு காரிலும் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எஃகு வளைவு இருந்தே தீர வேண்டும் என விதி வந்தது. 1917-இல் விடை தெரிந்த கேள்விக்கு 1959-இல்தான் சட்டம் பிறந்தது!

இரண்டாம் கேள்வி: எதனால் செய்தது?

அமெரிக்காவில் சாதாரணக் கார்களைக் கொண்டு நடத்தும் பந்தயங்கள் நாஸ்கார் அமைப்பின் கீழ் வளர்ந்தன. 1952 பிப்ரவரியில் டேட்டோனா கடற்கரையில் நடந்த ஒரு பந்தயத்தில் டிம் ஃப்ளாக் முதலாவதாக வந்தார். ஆனால் வெற்றி பறிக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? அவர் காரிலிருந்த கவிழ்காப்பு வளைவு மரத்தால் ஆனது! கதை இதோடு முடியவில்லை. அதே ஆண்டின் இறுதிப் பந்தயத்தில் ஃப்ளாக்கின் கார் உண்மையாகவே கவிழ்ந்தது. அவர் உயிர் தப்பியதோடு, அவ்வாண்டின் நாஸ்கார் வாகையர் பட்டத்தையும் பெற்றார்.

மரம் ஏன் ஆகாது? மரம் ஓரளவு வளையும். பிறகு சட்டென முறியும். முறிந்த முனை ஈட்டியாகும். கவிழ்காப்பு வளைவுக்கு வேண்டிய குணம் வேறு. அது சற்று வளையலாம்; முறியக் கூடாது. இதற்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தேங்காயைக் கையில் ஏந்தியிருப்பது எளிது. அதே தேங்காய் மரத்திலிருந்து விழும்போது கையில் ஏந்த முடியுமா? அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், மோதியபின் 10 செ.மீ. நகர்ந்து நிற்குமானால், அதனை நிறுத்தும் சராசரி விசை அப்பொருளின் எடையைப்போல் 6 மடங்கு. 5 செ.மீ. தொலைவிலேயே நின்றுவிட்டால் 11 மடங்கு! ஆகவே, சிறிதளவு வளைந்து கொடுக்கும் எஃகு, மோதலின் ஆற்றலைத் தான் விழுங்கிக்கொண்டு விசையைக் குறைக்கிறது.

சரி, எஃகே ஆகட்டும். கெட்டித் தண்டா, குழாயா? மூங்கிலைப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை, ஆயினும் காற்றில் ஒடியாமல் நிற்கிறது. வளையும் பொருளின் வெளிப்புறமே பெரும்பாலான தகைவைத் தாங்குகிறது. நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. 45 மி.மீ. புறவிட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிப்பும் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்குச் சுமார் 2.6 கி.கி. எடையுள்ளது. அதே எடையில் கெட்டித் தண்டு செய்தால் விட்டம் 20.6 மி.மீ. மட்டுமே இருக்கும். அந்தத் தண்டைவிடக் குழாய் எட்டரை மடங்கு விறைப்பானது. நிலையாக வளைந்துபோவதற்கு முன் அது தாங்கும் பாரமும் ஏறக்குறைய 4 மடங்கு.

பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பாகிய எஃப்.ஐ.ஏ. தன் விதிகளில் கூறும் அளவும் இதுவே. முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் வேண்டும். குளிர்நிலையில் இழுத்துச் செய்த, நீளவாக்கில் மூட்டில்லாத கரிம எஃகுக் குழாயாக அது இருத்தல் வேண்டும். வளைவு முழுவதும் ஒரே குழாயால் ஆகியிருக்க வேண்டும். நடுவில் ஒட்டுக் கூடாது. குழாயைக் காய்ச்சாமல் குளிர்நிலையிலேயே வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் 3 மடங்கேனும் இருக்க வேண்டும். இதைவிடக் குறுக்கி வளைத்தால் குழாய் சப்பையாகிவிடும். சப்பையான இடமே முதலில் மடங்கும்.

வீட்டில் கார் கட்டுவோர் சிலர் கையில் கிடைத்த தண்ணீர்க் குழாயையோ, புகைபோக்கிக் குழாயையோ வளைத்து, பளபளவென்று மெருகிட்டுப் பொருத்திவிடுவதுண்டு. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. தண்ணீர்க் குழாய் நீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. கவிழும் காரைத் தாங்குவதற்காக அன்று. அதன்மேலுள்ள துத்தநாகப் பூச்சு பற்றவைப்பைக் கெடுக்கும்; எழும் புகையும் நச்சு. இத்தகைய வளைவு, இல்லாத வளைவைவிடத் தீங்கானது. ஏனெனில், இல்லாதபோது ஓட்டுநர் அஞ்சி ஓட்டுவார்; இருக்கும்போது அதை நம்பி ஓட்டுவார்!

மூன்றாம் கேள்வி: ஓட்டுநர் அதன் கீழே இருக்கிறாரா?

ஃபார்முலா 1 பந்தயங்களில் கவிழ்காப்பு வளைவு 1961-இல் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, இத்தாலியின் மோன்சா களத்தில், ஃபெராரி ஓட்டிய ஜெர்மானியர் வொல்ஃப்காங் ஃபான் ட்ரிப்ஸின் கார் மற்றொரு காரோடு மோதிக் கரை மேலேறிப் புரண்டது. அவர் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். பார்வையாளர்கள் பலரும் மாண்டனர். தலைக்குப் பின்னால் வளைவு இருந்தும் அது அவரைக் காக்கவில்லை. ஏனெனில், அவரை அதன் கீழே இருத்திவைக்க எதுவும் இல்லை.

அக்காலத்து ஓட்டுநர் பலர் இருக்கைவாரை விரும்பவில்லை. கார் தீப்பற்றினால் உள்ளே மாட்டிக்கொள்வோம், வெளியே விழுந்தால் பிழைப்போம் என்று நம்பினர். வளைவையும் வாரையும் தனித்தனியாகக் கருதியதே பிழை. இரண்டும் சேர்ந்தே ஒரு கருவி. ஃபார்முலா 1-இல் ஆறு முனைகளில் கட்டும் இருக்கைவார் 1972-இல்தான் கட்டாயமாயிற்று.

வளைவின் உயரமும் இக்கேள்வியைச் சேர்ந்ததே. 1961-இல் வந்த வளைவுகள் பலவும் ஓட்டுநரின் தலைக்குச் சமமாகவோ, அதற்கும் தாழ்வாகவோ இருந்தன. விதிக்காக வைத்தார்களேயன்றித் தலைக்காக வைக்கவில்லை! வீட்டில் கார் கட்டுவோர் இதனை ஒரு நேரான மூங்கில் கழியைக் கொண்டே சோதித்துவிடலாம். ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து, வாரைக் கட்டி அமரட்டும். கழியின் ஒரு முனையை வளைவின் உச்சியிலும், மறு முனையைக் காரின் முன்பகுதியில் உறுதியான இடத்திலும் வையுங்கள். கார் கவிழ்ந்தால் அந்தக் கழி இருக்கும் இடமே தரை! கழிக்கும் தலைக்கவசத்துக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். 5 செ.மீ. ஆவது வேண்டும் என்பது பல பந்தயக் கழகங்களின் விதி. மென்மையான மண்ணில் வளைவு சற்றுப் புதையும் என்பதையும் மறக்கலாகாது.

தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டுவோருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தால், காக்க வந்த குழாயே மண்டையில் மோதும். ஆகவே, தலைக்கு எட்டும் இடங்களில் தடித்த மெத்தைப் பொருள் சுற்றியிருக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: எதன்மீது நிற்கிறது?

இதுவே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. எளிதில் மறந்துபோவதும் இதுவே. திருமண வீட்டில் பந்தல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈர மண்ணில் பந்தற்காலை வெறுமனே நிறுத்தினால், பாரம் ஏற ஏறக் கால் மண்ணுக்குள் இறங்கும். கால் என்னவோ முறியாமல்தான் இருக்கும். ஆனால் பந்தல் சாய்ந்துவிடும். அதனால் காலின் கீழே ஒரு தட்டைக் கல்லை வைப்பார்கள். கார் கட்டுவோர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் இந்தக் கல்லில் அடங்கியிருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். பந்தயக் கார்களின் வளைவு, காரின் எடையைப்போல் ஏழரை மடங்கு பாரத்தை மேலிருந்து தாங்க வேண்டும் என்ற அளவுகோல் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. முன்பின்னாக ஐந்தரை மடங்கும், பக்கவாட்டில் ஒன்றரை மடங்கும் தாங்க வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்து 700 கி.கி. எடையுள்ள வீட்டுக் காரை எடுத்துக்கொள்வோம். ஏழரை மடங்கு என்றால் 5,250 கி.கி.; ஒரு காலுக்கு 2,625 கி.கி. முன்பு சொன்ன குழாயின் முனை, தரையைத் தொடும் பரப்பு 3.3 சதுர செ.மீ. மட்டுமே. எனவே ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறக்குறைய 790 கி.கி. அழுத்தும்! காரின் தளமோ ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிப்புள்ள தகடு. குழாய் அதனை, உளி தகரத்தைத் துளைப்பதுபோல் துளைத்துக்கொண்டு கீழே போய்விடும். வளைவு முறியாது, வளையவும் செய்யாது. ஆனால் தாழ்ந்துவிடும். தலைக்கு மேலே வைத்திருந்த இடைவெளியும் அதோடு மறைந்துவிடும்.

ஆகவேதான், வளைவின் கால் நிற்கும் இடத்தில் 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டும் தகடு வேண்டுமென எஃப்.ஐ.ஏ. விதிக்கிறது. பாரம் அப்பரப்பில் பரவினால், சதுர செ.மீ. ஒன்றுக்கு 790 கி.கி. என்பது சுமார் 22 கி.கி. ஆகக் குறைகிறது. பந்தற்காலின் கீழ் வைத்த கல்லும் இதைத்தானே செய்கிறது! போல்ட்டுகளால் பிணைப்பதானால் ஒவ்வொரு காலுக்கும் 8 மி.மீ. விட்டமுள்ள மூன்று போல்ட்டுகளேனும் வேண்டும். அவற்றின் தலையில் 8.8 என்ற தர எண் பொறித்திருக்க வேண்டும். அத்தகைய ஒரு போல்ட்டை இழுத்து அறுக்க ஏறக்குறைய 3 டன் விசை தேவைப்படும்.

லோகாஸ்ட் போன்ற சட்டக் கார்களில் இன்னொரு கவனமும் வேண்டும். அவற்றின் சதுரக் குழாய்கள் மெல்லியவை. ஒரு குழாயின் நட்ட நடுவே வளைவை நிறுத்தினால், அந்தக் குழாய் ஒடிந்து உள்ளே மடங்கும். பல குழாய்கள் கூடும் சந்தியின்மேல் நிறுத்தினால் பாரம் எல்லாத் திசைகளிலும் பிரிந்து போகும். வீடு கட்டும் கொத்தனாரும் உத்தரத்தின் முனையைச் சுவரின் மேல் வைப்பாரேயன்றிச் சாளரத்தின் மேல் வைக்கமாட்டார்.

அடுத்தது முட்டு. தனியே நிற்கும் வளைவு, முன்னும் பின்னும் மடங்கக்கூடியது. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல், வளைவின் மேல் முனைகளிலிருந்து பின்னோக்கி இரண்டு நேரான குழாய்கள் இறங்க வேண்டும். அவை செங்குத்துக் கோட்டோடு 30 பாகைக்குக் குறையாத கோணம் அமைக்க வேண்டும். இப்போது வளைவும் முட்டும் அடிச்சட்டமும் சேர்ந்து முக்கோணம் ஆகின்றன. நாற்கரத்தை அமுக்கினால் சாயும், முக்கோணம் சாய்வதில்லை. சைக்கிளின் சட்டத்தைப் பாருங்கள். இந்த உண்மை விளங்கும். முட்டுகளின் கால்களுக்கும் தகடு வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பற்றவைப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு மூட்டையும் குழாயைச் சுற்றி முழுமையாகப் பற்றவைக்க வேண்டும். அழகுக்காக அதனை அரத்தால் தேய்த்து மழுப்பக் கூடாது. தேய்க்கும்போது போவது கரடு மட்டுமன்று; வலிமையும்தான்.

பெரியோரும் இடறிய இடம்

அடிப்படை வலிமையின் பாடத்தை வீட்டில் கார் கட்டுவோர் மட்டுந்தான் மறப்பார்கள் என்று எண்ண வேண்டா. 1999 செப்டம்பரில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் பெட்ரோ டினிஸ் ஓட்டிய சாபர் கார் கவிழ்ந்தபோது, தலைக்குப் பின்னாலிருந்த காப்பு வளைவு பெயர்ந்துவிட்டது. அவர் பெருங்காயமின்றித் தப்பியது நற்பேறு. 2022 ஜூலை 3 அன்று பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் களத்தில், சீனாவின் ஜோ குவான்யு ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ கார் தலைகீழாகப் புரண்டு, அப்படியே நெடுந்தொலைவு சறுக்கிச் சென்று, தடுப்பையும் தாண்டி விழுந்தது. அப்போதும் வளைவு தாங்கவில்லை. 2018 முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்த ‘ஹாலோ’ என்னும் முன்புறக் காப்புச் சட்டமே அவர் தலையைக் காத்தது. அவர் பெருங்காயமின்றித் தப்பினார்.

அந்த வளைவு விதிப்படியான சோதனையில் தேறியதே. ஆயினும், அதன் ஒடுங்கிய உச்சி தரையில் ஆழப் பதிந்தது. அதனால் சோதனையில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான விசை அதன்மேல் விழுந்தது. 2023-இல் விதிகள் மாறின. உச்சி உருண்டையாக இருக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளும் விசையையும் சோதனையில் தாங்கிக் காட்ட வேண்டும். எத்தனையோ பொறியாளர்களும் கணிப்பொறிகளும் உள்ள இடத்திலேயே, ‘எந்தத் திசையிலிருந்து விசை வரும்?’ என்ற ஒரு கேள்வி விடுபட்டுப் போயிற்று!

வீட்டுக் கொட்டகையில் தனியே நின்று பற்றவைக்கும் மனிதருக்குச் சோதனைக்கூடம் இல்லை. ஆனால், நூறாண்டுக் காலத்தின் விபத்துகள் கற்பித்த நான்கு கேள்விகள் அவர் கையில் உள்ளன. தலைக்கு மேல் இருக்கிறதா? தக்க எஃகா? நான் அதன் கீழே கட்டுண்டு அமர்ந்திருக்கிறேனா? அது எதன்மீது நிற்கிறது? முதற் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடையை எவரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். நான்காம் கேள்வியின் விடை தரைவிரிப்புக்கு அடியில் மறைந்திருக்கிறது. இனி ஒரு திறந்த காரில் மின்னும் வளைவைக் காணும்போது, நீங்கள் மேலே பார்க்க வேண்டா. குனிந்து, அதன் கால்களைப் பாருங்கள்.